டீசல் புகையும் புங்க எண்ணெயும்: பெங்களூரு வாசகர் கேள்விகள்

கலாசிபாளையத்திலிருந்து லாரி உரிமையாளர் ஒருவர்: புங்க எண்ணெய் மலிவாகக் கிடைத்தால், அதை அப்படியே டீசலில் கலந்து ஓட்டலாமா?

கூடவே கூடாது. புங்க எண்ணெயின் பிசுபிசுப்பு டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு அதிகம் என்பதால், அது எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரிலிருந்து நுண்துளிகளாகச் சிதறாமல் அரைகுறையாக எரிந்து, நாசிலிலும் பிஸ்டன் ரிங்குகளிலும் கரியாகப் படியும். மெத்தனாலும் காரமும் (ஆல்கலி) சேர்த்துச் சூடாக்கி, அடியில் தங்கும் கிளிசரினைப் பிரித்து, கழுவி உலர்த்திய பிறகே அது பயோடீசலாகிறது. பழைய புங்க எண்ணெயில் கொழுப்பமிலம் மிகுந்திருக்கும்; அதை முதலில் அமிலத்தால் பதப்படுத்தாமல் காரத்தைச் சேர்த்தால், கலத்தில் சோப்புதான் திரளும். பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 15607-க்கு உட்பட்ட பயோடீசலையே வாங்குங்கள். அதையும் வண்டித் தயாரிப்பாளர் அனுமதித்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து எம்.டெக். மாணவி: பயோடீசலால் கரி குறையும்போது நைட்ரஜன் ஆக்சைடு ஏன் கூடுகிறது? புதிய எரிப்பு முறைகள் இதைத் தீர்க்குமா?

பயோடீசலின் எடையில் ஏறத்தாழ 11 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதால், காற்று எட்டாத இடத்திலும் கரி உருவாவது குறைகிறது. ஆனால் எரிதல் சற்று முன்கூட்டியே தொடங்கி வெப்பநிலை உயரும்போது, காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2002-ஆம் ஆண்டு ஆய்வில், டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலந்தபோது புகைத் துகள்கள் சுமார் 10 சதவீதம் குறைந்தன, நைட்ரஜன் ஆக்சைடுகள் சுமார் 2 சதவீதம் கூடின.

இரண்டையும் ஒருசேரக் குறைப்பதே தாழ்வெப்ப எரிப்பின் நோக்கம். எரிபொருளும் காற்றும் நன்கு கலந்த பின் தீப்பற்றினால் கரி குறையும்; வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் சிலிண்டருக்குள் விட்டால் வெப்பநிலை தாழும். தீப்பற்றும் தருணத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் கடினம். அதற்காக விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரோல்ஃப் ரைட்ஸ் குழுவினர் வளர்த்தெடுத்த இரட்டை எரிபொருள் முறையில், பெட்ரோல் காற்றோடு சேர்ந்து உள்ளே வர, டீசல் நேரடியாகத் தெளிக்கப்படுகிறது. இரண்டின் விகிதமே எரிதலை ஆள்கிறது. குறைந்த சுமையில் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் கூடுவது இன்னமும் ஒரு பெரிய இடர்ப்பாடாகவே உள்ளது. என் மதிப்பீட்டில் பயோடீசலின் உண்மையான பயன் தாழ்வெப்ப எரிப்பில்தான் இருக்கிறது: அதன் ஆக்சிஜன் கரியைத் தடுப்பதால், புகையை மேலும் கூடுதலாக மறுசுழற்சி செய்ய இடம் கிடைக்கிறது.

அல்சூரிலிருந்து குடியிருப்புச் சங்கச் செயலாளர்: எங்கள் ஜெனரேட்டர் கரும்புகை கக்குகிறது, பயோடீசல் ஊற்றினால் சரியாகுமா?

முதலில் ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் சோதியுங்கள். காற்று போதாத எஞ்சினை எந்த எரிபொருளாலும் திருத்த முடியாது. வாரந்தோறும் சுமையின்றி ஓட்டிப் பார்க்கும் வழக்கமிருந்தால் அதையும் நிறுத்துங்கள், ஏனெனில் அப்போது எரியாத டீசல் புகைக்குழாயில் தேங்குகிறது. லிஃப்ட், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றை இணைத்து, மூன்றில் ஒரு பங்குச் சுமைக்குக் குறையாமல் ஓட்டுங்கள்.