நத்தை ரத்தப் புரதத்தின் சர்க்கரை வைரஸைத் தடுக்குமா?

அந்தப் புரதம் ஓரளவு தடுக்கும், ஆய்வகத் தட்டில். நத்தை ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோசயனின். அதில் இரும்பு இல்லை, செம்பு. ஆக்சிஜன் ஏறியதும் நீலமாகிவிடும்.

இந்தப் பிரம்மாண்டப் புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைவிட்டிருக்கும். மேனோஸ், ஃபியூகோஸ் என்ற சர்க்கரைகள், அப்புறம் நம் உடலில் உருவாகாத, மீத்தைல் (ஒரு சிறு கார்பன் தொகுதி) ஏறிய சர்க்கரைகள். கருங்கடல் ரபானா நத்தையில், ஃபியூகோஸ் சங்கிலியின் ஓரத்தில் தொங்காமல் நடுவிலேயே இணைப்பாக நிற்கும் விசித்திர அமைப்பைக் கண்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது!

உதட்டில் கொப்புளம் வரவைக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் தன் உறைமேல் உள்ள புரதங்களைக் கொண்டுதான் செல்லுக்குள் நுழைகிறது. ஹீமோசயனின் அவற்றைப் பற்றிக்கொண்டால் நுழைவு தடைபடும். ஆஸ்திரேலியாவின் அபலோன் என்ற கடல் நத்தையின் ஹீமோசயனினில் இதைக் காட்டியுள்ளனர். பற்றுவதில் சர்க்கரைக்கும் பங்குண்டு என்று கருதுகிறார்கள்.

அதற்காக நத்தைக் கறி சாப்பிட்டால் ஹெர்ப்பிஸ் போகாது. வயிறு அந்தப் புரதத்தைச் செரித்துவிடும்.