குற்றப் பட்டியலில் கேரளா ஏன் முதலிடம்?

வணக்கம் ஐயா,

என் மகளுக்குக் கொச்சியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவள் ஆசைப்பட்ட படிப்பு. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது, இந்தியாவிலேயே குற்ற விகிதத்தில் கேரளா முதலிடமாம், தமிழ்நாடும் ஒரு வருடம் முன்வரிசையில் இருந்ததாம், பீகார் எங்கேயோ கீழே. நானும் தேடிப் பார்த்தேன், அரசாங்கக் கணக்கே அப்படித்தான் இருக்கிறது. 1953-இல் நாடு முழுக்க 6 லட்சம் குற்றம், இப்போது 62 லட்சம் என்றும் போட்டிருந்தார்கள். என் அப்பா, 'எங்க காலத்துல கதவைத் திறந்து போட்டுத் தூங்குவோம், இப்ப ஊரே கெட்டுப்போச்சு, பொண்ணை அனுப்பாதே' என்கிறார். நாடு உண்மையிலேயே இவ்வளவு மோசமாகிவிட்டதா? இந்தக் கணக்கை எப்படிப் படிப்பது?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

முதலில் பிள்ளை விஷயத்தை முடித்துவிடுவோம். அந்தப் படத்தைக் காரணம் காட்டி அவளைத் தடுக்காதீர்கள். ஹாஸ்டல் எப்படி, ராத்திரி எட்டு மணிக்கு லேப் முடிந்தால் பஸ் இருக்கிறதா, அங்கே படிக்கிற சீனியர் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று நன்றாக விசாரியுங்கள், அது வேண்டியதுதான். ஆனால் 'குற்ற விகிதத்தில் முதலிடம்' என்றால் அங்கே ஆபத்து அதிகம் என்று அர்த்தமில்லை. அங்கே போலீஸ் அதிகமாக வழக்குப் பதிகிறது என்றுதான் அர்த்தம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. அந்த அறிக்கையை வெளியிடுகிற என்.சி.ஆர்.பி. என்கிற தேசிய குற்ற ஆவணக் காப்பகமே, குற்றம் கூடுவது வேறு, குற்றப் பதிவு கூடுவது வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறது.

மொத்த எண்ணிக்கை என்பது எதை எதையோ ஒன்றாகக் கூட்டியது. வண்டியைத் தாறுமாறாக ஓட்டியதற்குப் போட்ட வழக்கும் ஒன்று, ஒரு ஆளை வெட்டிச் சாய்த்ததற்குப் போட்ட வழக்கும் ஒன்று. பொது இடத்தில் குடித்தது, புகைத்தது, கண்மூடித்தனமாக வண்டி ஓட்டியது என்று சின்னச் சின்ன விஷயத்துக்கும் கேரள போலீஸ் தவறாமல் வழக்குப் போடுகிறது, அத்தனையும் சேர்ந்து மொத்தத்தை ஏற்றிவிடுகிறது. கொலையை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். 2022-இல் கேரளாவில் லட்சம் பேருக்கு ஒரு கொலைகூட இல்லை, மொத்தம் 300 சொச்சம்தான். இந்திய சராசரி 2-க்குச் சற்று மேல். பட்டியலில் 'கீழே' இருக்கிற பீகாரில் அந்த ஒரே வருடத்தில் 2,930 கொலைகள், விகிதத்தில் கேரளாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பிணத்தை மறைப்பது கஷ்டம், அதனால் ஊருக்கு ஊர் ஒப்பிட வேண்டுமென்றால் கொலைக் கணக்குதான் ஓரளவு நம்பத் தகுந்தது.

தமிழ்நாடு முன்வரிசைக்கு வந்த வருடம் 2020. என்ன நடந்தது என்று நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். அந்த வருடம் நாடு முழுக்கக் குற்றங்கள் 51 லட்சத்திலிருந்து 66 லட்சமானது, ஒரே வருடத்தில் 28 சதவீத உயர்வு. உள்ளே போய்ப் பார்த்தால், அரசு உத்தரவை மீறியதற்கான 188-வது பிரிவில் 2019-இல் வெறும் 29,000 சொச்சம் வழக்குகள், 2020-இல் 6 லட்சத்துக்கும் மேல். இ-பாஸ் இல்லாமல் பைக்கில் போனவர், ஊரடங்கில் கடையைத் திறந்தவர் எல்லோரும் அதில் வந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் இந்திய தண்டனைச் சட்ட வழக்குகள் 1.68 லட்சத்திலிருந்து 8.9 லட்சத்துக்குத் தாவின. அப்போது எந்த ஸ்டேஷன் வாசலைப் பார்த்தாலும் பறிமுதல் செய்த பைக்குகள் வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன, ஞாபகம் இருக்கும். ஆனால் அதே வருடத்தில் திருட்டு வழக்குகள் 6.75 லட்சத்திலிருந்து 4.93 லட்சத்துக்கு இறங்கியிருந்தன. வீட்டில் ஆள் இருந்தார்கள், தெருவில் கூட்டம் இல்லை. திருட்டு அவ்வளவு குறைந்த வருடம்தான் மொத்தக் கணக்கில் 'குற்றம் பெருகிய வருடம்' ஆனது.

அப்புறம் உங்கள் அப்பா சொன்னது. அந்தப் படத்தில் 1953-க்குக் கொடுத்திருக்கிற 6 லட்சம், இந்திய தண்டனைச் சட்டக் குற்றங்கள் மட்டும். 2023-க்குக் கொடுத்திருக்கிற 62 லட்சத்தில் மது, போதைப்பொருள், சூதாட்டம் என்று தனிச் சட்டங்களின் கீழ் போட்ட ஏறக்குறைய 25 லட்சம் வழக்குகளும் சேர்த்தி. அதைக் கழித்தால் 37 லட்சம் சொச்சம். இடையில் மக்கள்தொகை 37 கோடியிலிருந்து 140 கோடியை ஒட்டி வந்துவிட்டது. கொலைக்கு வருவோம். 1953-இல் பதிவானவை 9,800 சொச்சம், லட்சத்துக்கு 2.6. அதன் பிறகு ஏறிக்கொண்டே போய் 1992-இல் 40,000-ஐத் தொட்டது, லட்சத்துக்கு 4.6. அதுதான் உச்சம். அங்கிருந்து இறங்கு முகம், 2023-இல் 27,721 கொலைகள், லட்சத்துக்கு 2. அதாவது பதிவான கணக்குப்படி, உங்கள் அப்பா கதவைத் திறந்து போட்டுத் தூங்கிய காலத்தைவிட இன்று ஒருவர் கொலையாகிற வாய்ப்பு குறைவு. அன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷன் பத்து மைல் தள்ளி இருந்தது, ஊர்ப் பெரியவர்கள் பேசி மூடிய சாவுகள் எத்தனையோ கணக்கில் ஏறாமலே போயிருக்கும், அதையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகும். அப்பாவை வாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தெருவில் அவர் கண்டது நிஜமாகவே இருக்கலாம். நாட்டின் கணக்கு வேறு.

கொலைக் கணக்கிலும் ஓரங்கள் தேய்ந்திருக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். வரதட்சணைச் சாவுகள் இதில் சேராது, அவற்றுக்குத் தனித் தலைப்பு, வருடத்துக்கு 6,000-க்கும் மேல். சந்தேக மரணம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவில் பதிவாகி அப்படியே மூடப்பட்டவை இதில் வராது. இன்னொன்று, கொலை குறைந்த இதே காலத்தில் கொலை முயற்சி வழக்குகள் ஏறியிருக்கின்றன, 2012-இல் 35,000-ஐ ஒட்டி இருந்தது சில வருடங்களில் 50,000-ஐத் தாண்டியது. வெட்டுப்பட்டவரை 108 வந்து அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் கொலை வழக்கு ஆகியிருக்க வேண்டியது கொலை முயற்சி வழக்காகிவிடுகிறது. அல்லது முன்பு சாதாரண அடிதடியாக எழுதியதை இப்போது கொலை முயற்சியாக எழுதுகிறார்கள். இரண்டும் கலந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். குறைந்ததற்கு முழுக் காரணம் இதுதான் என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அமெரிக்காவில் 1991-க்குப் பிறகு வன்முறைக் குற்ற விகிதம் பாதிக்கும் கீழே போனது, லட்சக்கணக்கில் ஆட்களைச் சிறையில் போட்டதால்தான் என்றார்கள். அப்படிச் சிறையை நிரப்பாத பக்கத்து கனடாவிலும் அதே காலத்தில் குறைந்தது.

கணக்கு எங்கே பிறக்கிறது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். எங்கள் தெருவில் ஒரு அக்கா, டியூஷனுக்குப் போன பையனைக் கூட்டிவரப் போனவர், போன் பேசிக்கொண்டே நடந்திருக்கிறார். பின்னால் பைக்கில் வந்த இரண்டு பேர் போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள், கையில் நகக் கீறல். ஸ்டேஷனுக்குப் போனால் முதலில், அந்த முனை எங்கள் எல்லை இல்லை என்றார்கள். சரி, பக்கத்து ஸ்டேஷன். அங்கே ரைட்டர் உட்கார வைத்துத் தண்ணீரெல்லாம் கொடுத்து, ரொம்ப அனுசரணையாகச் சொல்லியிருக்கிறார்: "'பறிச்சுட்டுப் போயிட்டாங்க'ன்னு எழுதாதம்மா, 'நடந்து வரும்போது எங்கேயோ தவறிடுச்சு'ன்னு எழுது. சிம் வாங்க அது போதும். எஃப்.ஐ.ஆர். போட்டா நீதான் கோர்ட்டுக்கு அலையணும்." அவரும் அப்படியே எழுதிக் கொடுத்து, புகார் வந்தது என்பதற்கு மட்டும் கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ரசீது என்.சி.ஆர்.பி. கணக்கில் வராது, எஃப்.ஐ.ஆர். ஆனால்தான் வரும். ஒரு வழிப்பறி அன்று சாயங்காலம் நடந்தது, ராத்திரிக்குள் அது நடக்காததாகிவிட்டது. பைக் திருட்டுக் கணக்கு ஓரளவு சரியாக இருப்பதற்குக் காரணமே, எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாமல் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராது, அதனால் பறிகொடுத்தவர் விடாமல் நின்று வாங்கிவிடுகிறார் என்பதுதான்.

அந்த ரைட்டரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். எண்ணிக்கை ஏறினால் இன்ஸ்பெக்டருக்கு மேலிருந்து கேள்வி வரும், அவர் இவரைக் கேட்பார். சட்டசபையில் எதிர்க்கட்சி எழுந்து 'உங்கள் ஆட்சியில் குற்றம் இத்தனை சதவீதம் கூடிவிட்டது' என்று புள்ளிவிவரத்தை நீட்டும்போதெல்லாம், எங்கேயோ ஒரு ஸ்டேஷனில் ஒரு புகார் திருப்பி அனுப்பப்படுகிறது. நாம் கைதட்டுகிற 'குற்றம் குறைந்தது' என்கிற செய்திக்கும் அதுதான் விலை.

2012 டிசம்பர் 16 டெல்லிச் சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் நாடு முழுக்கப் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 24,923. அடுத்த வருடம் 33,707. டெல்லியில் மட்டும் 706 என்பது 1,636 ஆனது. ஒரே வருடத்தில் ஆண்கள் இரண்டு மடங்கு மிருகமாகிவிட்டார்களா? இல்லை. அவ்வளவு பேர் வீதிக்கு வந்து போராடியதைப் பார்த்து, நமக்கு நடந்ததையும் சொல்லலாம் என்று பெண்களுக்குத் தைரியம் வந்தது. இப்படிப்பட்ட புகாரைப் பதிய மறுக்கிற அதிகாரிக்கே சிறைத் தண்டனை என்று 2013-இல் 166ஏ பிரிவு வந்தது. அதே வருடம் நவம்பரில் லலிதா குமாரி வழக்கில், பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்த உயர்வை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன். சட்டம் அகலமானதும் ஒரு காரணம்தான், ஆனால் ஏறிய எண்ணிக்கையில் பெரும்பகுதி, முன்பு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். எண்ணிக்கை ஏறினால் யார் புதிதாகப் பேச வந்தார்கள் என்று கேளுங்கள். திடீரென்று இறங்கினால் அதைவிட உரக்கக் கேளுங்கள், யாரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று.

இதற்கு நேர் எதிரான உதாரணம் இப்போது நம் எல்லோர் வீட்டிலும் நடந்துகொண்டிருக்கிறது. 2023-இல் சைபர் குற்ற வழக்குகள் 86,420 என்கிறது அறிக்கை. அதே வருடம் 1930 என்கிற உதவி எண்ணிலும் தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் வந்த புகார்கள் 15 லட்சத்துக்கும் மேல். ஓய்வூதியப் பணத்தை ஓ.டி.பி.யில் பறிகொடுத்த பெரியவர்களில் எத்தனை பேருக்கு எஃப்.ஐ.ஆர். கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். குற்றம் தெருவிலிருந்து போனுக்குள் குடிபெயர்ந்துவிட்டது, எண்ணுகிற முறை இன்னும் வரவில்லை. உங்கள் அப்பா பயப்பட வேண்டியது இதற்குத்தான், பேத்தி கொச்சிக்குப் போவதற்கு அல்ல.

வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்றால், போலீஸ் கணக்கை மட்டும் நம்புவதில்லை. அமெரிக்காவில் 1970-களிலிருந்தும் இங்கிலாந்தில் 1980-களிலிருந்தும் வீடு வீடாகப் போய், 'சமீபத்தில் உங்களுக்கு என்ன நடந்தது, புகார் கொடுத்தீர்களா' என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டு எழுதுகிறார்கள். அந்த ஆய்வின்படி இங்கிலாந்தில் குற்றம் 1995-இல் உச்சத்துக்குப் போய்விட்டு இறங்கத் தொடங்கியது, ஆனால் எண்ணும் விதியை மாற்றியதால் போலீஸ் கணக்கு 2000-களின் தொடக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தது. 2014-இல் அங்கே போலீஸ் கணக்குக்குக் கொடுத்திருந்த அதிகாரபூர்வ தரச் சான்றையே பறித்தார்கள். புகாராக வந்த குற்றங்களில் ஐந்தில் ஒன்று பதிவாகவே இல்லை என்று ஆய்வில் தெரியவந்தது. நம்மிடம் அப்படி வருடா வருடம் நடக்கிற தேசியக் கணக்கெடுப்பு கிடையாது. கிட்டத்தில் வருவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒன்றுதான். 2019-21-இல் எடுத்ததில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நூறில் முப்பத்தெட்டு பேர், ஐயா. நாடு முழுக்கவே கணவன், புகுந்த வீட்டாரின் கொடுமைக்குப் பதிவான வழக்குகள் 2022-இல் 1.4 லட்சம்தான். குற்றத்தை அளக்க வேண்டுமென்றால் ஸ்டேஷன் படியில் நின்று எண்ணினால் போதாது, வீட்டுக்குள் போய்க் கேட்க வேண்டும். இப்படி ஒரு கணக்கெடுப்பை நாம் கேட்டு வாங்க வேண்டும், எந்தக் கட்சியும் தானாகக் கொண்டுவராது, ஏனென்றால் அதில் வருகிற எண் எல்லா ஆட்சியையும் ஒரே மாதிரி சுடும்.

இன்னொன்று, 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, அந்த வருடத்துக் கணக்கில் பாதி பழைய பிரிவு, பாதி புதிய பிரிவு. பழைய வருடங்களோடு வைத்து 'இத்தனை சதவீதம் உயர்வு, இத்தனை சரிவு' என்று படம் வந்தால் மொத்த எண்ணைத் தள்ளிவிட்டு, கொலை, கொலை முயற்சி, வாகனத் திருட்டு மூன்றையும் மட்டும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். அறிக்கை என்.சி.ஆர்.பி. தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, முதல் தொகுதியில் மாநில வாரியாகவே இருக்கும்.