வீட்டு மனையில் ஆடு, கோழி வளர்க்கலாமா? விவசாய நிலம் என்றால் எதையும் வளர்க்கலாமா?

இடத்துக்கு இடம் விதி மாறும். ஆனால் நிலத்தின் வகைப்பாட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆடு வளர்க்கிறவன் என்பதால் என்னிடமும் பலர் இதைக் கேட்பார்கள். எத்தனை உருப்படி, பக்கத்து வீட்டிலிருந்து கொட்டகை எவ்வளவு தூரம், சாணம் எங்கே போகிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

குடியிருப்புப் பகுதியில் பல ஊர்களின் விதிகள் நாலைந்து பெட்டைக் கோழிக்கு இடம் கொடுக்கும், சேவலுக்குக் கொடுக்காது. ஆட்டுக்கு மனையின் அளவைப் பார்ப்பார்கள். மாடு, பன்றி பெரும்பாலும் கிடையாது. அரசு விதி அனுமதித்தாலும், மனைப்பிரிவின் பத்திரத்தில் கால்நடை கூடாது என்று எழுதியிருந்தால் அதுவும் உங்களைக் கட்டுப்படுத்தலாம்.

விவசாய நிலத்திலும் கணக்கு உண்டு. ஐரோப்பியப் புள்ளிவிவர முறையில் ஒரு கறவை மாடு 1 கால்நடை அலகு, ஓர் ஆடு 0.1, முட்டைக் கோழி 0.014. அதாவது எழுபது கோழி சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு மாடு. இப்படி அலகாக மாற்றி, நிலத்தின் பரப்போடு ஒப்பிட்டு உச்சவரம்பு வைக்கிற ஊர்கள் உண்டு. காரணம் சாணம்தான். பெரிய கறவை மாடு ஒன்று சாணமும் கோமியமுமாக நாளொன்றுக்கு 50 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்க நிலம் இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் ஏறும். கிணறு, ஓடை, வேலியிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளித்தான் கொட்டகை என்று சொல்வது அதனால்தான்.

“பக்கத்து வீட்டில் ரொம்ப வருஷமாக மாடு நிற்கிறதே” என்பார்கள். விதி வருவதற்கு முன்பே இருந்ததால் அவரை விட்டுவைத்திருக்கலாம். அந்தச் சலுகை புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு வராது. அவரே சில காலம் நிறுத்திவிட்டால் பல இடங்களில் அவருக்கும் போய்விடும்.

விதிப்படி வளர்த்தாலும் தொந்தரவு என்று வழக்கு வரலாம். பிரான்ஸின் ஒலெரான் தீவில் மொரீஸ் என்ற சேவல் விடியற்காலையில் கூவியதற்கே அக்கம்பக்கத்தார் நீதிமன்றம் போனார்கள். 2019-ல் தீர்ப்பு சேவலுக்குச் சாதகம். 2021-ல் கிராமத்து ஒலிகளையும் மணங்களையும் பாரம்பரியமாக ஏற்கும் சட்டமே அங்கே வந்தது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் பண்ணைகளைப் பாதுகாக்கும் சட்டம் உண்டு, ஆனால் அதன் நோக்கமே ஏற்கெனவே நடக்கும் பண்ணைகளைக் காப்பது. வீடுகளுக்கு நடுவே புதிதாகக் கொட்டகை போடுகிறவர் அதை நம்பி இறங்க வேண்டாம்.

உள்ளாட்சி அலுவலகத்தில் விலங்கு, எண்ணிக்கை, கொட்டகை வரும் இடம் மூன்றையும் வரைபடத்தோடு எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். “தாராளமா வளருங்க” என்று வாயால் சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போனால் அடுத்தவர் காகிதத்தைத்தான் கேட்பார்.