மொக்கையே ஆகாத கத்தி

கேள்வி: எவ்ளோ காசு போட்டு வாங்கினாலும் ரெண்டே மாசத்துல கத்தி மொக்கையாயிடுது சார். மொக்கையே ஆகாத நல்ல கத்தி எதுன்னு சொல்லுங்களேன். (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: மொக்கைங்கிற வார்த்தையை அதுக்கு உரிய இடத்துல ஒருத்தர் எழுதிப் பார்த்து எத்தனை நாளாச்சும்மா, ரொம்ப சந்தோஷம். இப்போ படம் மொக்கை, ஜோக் மொக்கை, ஆனா அது கூர் போன கத்தியைச் சொல்ற வார்த்தைன்னு காலேஜ் பசங்க பாதிப் பேருக்குத் தெரியல. ஒருத்தன் விடாம பேசி உசுரை வாங்கினா நம்மாளுங்க அதுக்கு வெச்ச பேரெல்லாம் பாருங்க, அறுவை, கழுத்தறுப்பு, பிளேடு, ரம்பம், மொக்கை, எல்லாமே வெட்டுற அறுக்குற சமாச்சாரம். கூரான கத்தி ஒரே இழுப்புல வேலையை முடிச்சிடும், மொக்கைக் கத்திதான் போயிட்டு வந்து போயிட்டு வந்து அதே இடத்துல தேய்க்கும், மைக்கைப் புடிச்சவர் "இறுதியாக ஒன்று"ன்னு ஏழாவது தடவை சொல்ற மாதிரி. கல்யாண மண்டபத்துல நாம படற வேதனையைத்தான் உங்க வீட்டுத் தக்காளி தினமும் படுது. இந்த வார்த்தையெல்லாம் அடுப்படியில நின்னவங்க வாயிலருந்துதான் வந்திருக்கும்னு நான் நம்புறேன்.

மொக்கையே ஆகாத கத்தி உலகத்துல கிடையாது. கத்தியோட வாய் அவ்ளோ மெல்லிசு, பலகையில படப்பட மடங்கும், தேயும். செராமிக் கத்தி ரொம்ப நாள் கூரா இருக்கும்தான், ஆனா எலும்புலயோ தேங்காய்லயோ பட்டா சில்லு தெறிச்சிடும், நம்ம சமையலுக்கு ஆகாது. ஸ்டீல் கத்தி கதையைக் கேளுங்க, 1913ல இங்கிலாந்துல ஷெஃபீல்டுங்கிற ஊர்ல ஹாரி பிரியர்லிங்கிற உலோக ஆராய்ச்சியாளர், துப்பாக்கிக் குழல் சீக்கிரம் அரிச்சுப் போகுதேன்னு ஆராய்ச்சி பண்ணப்போய் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத ஸ்டீல் அவர் கையில கிடைச்சுது, அதுல கத்தி செய்யலாம்னு அவர் அலைஞ்சப்போ "வெட்டாத கத்தியைக் கண்டுபிடிச்சவர்"னு ஊரே கேலி பண்ணுச்சு. கத்திக்குப் பேர் போன ஊருக்கே அந்த நிலைமை! அப்புறம் பதம் ஏத்துற விதம், அதாவது சூடு பண்ணி ஸ்டீலைக் கெட்டியாக்குற விதம் புரிஞ்சப்புறம்தான் அது நல்லா வெட்ட ஆரம்பிச்சுது.

எவ்ளோ காசு போட்டாலும் கத்தி ஒருநாள் மொக்கையாகத்தான் போகுது, அதனால விலையைப் பார்க்காதீங்க. வெட்டுற பட்டை 8 இஞ்ச், கை சின்னதுன்னா 6 இஞ்ச், ஸ்டீல் பட்டை கைப்பிடியோட கடைசி வரைக்கும் ஓடணும், வாய்க்கு மேல் பக்கம் தடிமனா இருக்கக் கூடாது, கையில புடிச்சா உறுத்தக் கூடாது. போதும். மீதிக் காசுக்கு 1000 நம்பர் சாணைக்கல் (நம்பர் கல்லோட சொரசொரப்பைச் சொல்றது) ஒண்ணு வாங்குங்க. தண்ணியில நனைச்சு, கத்தியைக் கொஞ்சமா சாய்ச்சு, அதே சாய்வு மாறாம தேய்ச்சா மறுபக்கம் விரல்ல ஒரு சின்ன சுரசுரப்பு தட்டும், அப்போ திருப்பிப் போடணும். கல் இல்லையா, பீங்கான் கப்பைக் கவுத்துப் போட்டு அடியில இருக்குற சொரசொரப்பான வளையத்துல நாலு இழுப்பு இழுங்க, அன்னிக்கு சமையலுக்குத் தாங்கும்.

அப்புறம் காய் நறுக்கக் கண்ணாடிப் பலகை வேணாம், மரப்பலகைதான் நல்லது. இதைப் பத்தி முன்னாடி எழுதினப்போ, மரப்பலகையில கிருமி சேரும், உனக்கு என்ன தெரியும்னு ஒரு வாசகர் மூணு பக்கத்துக்குத் திட்டியிருந்தார். நான் இன்னமும் அதேதான் சொல்றேன், கண்ணாடி மேல வெட்டறதும் கருங்கல்லு மேல வெட்டறதும் ஒண்ணுதான், எந்தக் கத்தியும் நிக்காது. மரப்பலகையை சோப்புப் போட்டுக் கழுவி நிறுத்தி வெச்சுக் காய விடுங்க. நறுக்கின காயை வழிக்கும்போது கத்தியைத் திருப்பி முதுகுப் பக்கத்தால வழிங்க, பாதி வீட்டுல கத்தி கெடறதே அங்கதான். பாத்திரத்தோட பாத்திரமா சிங்க்ல போடாதீங்க.

மொக்கைக் கத்தின்னா விரலுக்குப் பயமில்லைன்னு சிலர் நினைக்கிறாங்க, எனக்கு அதைக் கேட்டாலே கோவம் வருது. தக்காளித் தோல்ல வழுக்கிட்டு விரலுக்கு வர்றது அந்தக் கத்திதான், ஏன்னா அழுத்தி வெட்டறோம்.

உங்க தெருவுல சாணை பிடிக்கிறவர் சைக்கிள் இன்னும் வருதா? எங்க தெருவுல அந்தக் குரல் கேட்டு வருஷக்கணக்காச்சு, எனக்கு அது பெரிய குறை. வந்தார்னா கத்தி, அருவாமனை, கத்திரிக்கோல் எல்லாத்தையும் எடுத்துட்டு ஓடுங்க, ஆனா பக்கத்துலயே நின்னு, அழுத்தாம லேசாப் பிடிங்கண்ணே, அடிக்கடி தண்ணியில முக்குங்கன்னு சொல்லுங்க. சூடு ஏறி வாய் நீலமாச்சுன்னா அந்த இடத்துல பதம் போயிடும்.