கிரேக்கத் தாலந்தை ஓபல், கெராட்டியன் வரை இறக்குவது எப்படி?

தாலந்து, மினா என்று வரும் பழைய கிரேக்க எடைகளைச் சின்ன அலகுகளுக்கு மாற்றுவது எப்படி, இணையத்தில் ஆளுக்கொரு விடை வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெருக்கல் சுலபம். எந்த ஊர், எந்தக் காலம் என்று பார்க்காமல் பெருக்குவதில்தான் கோளாறு.

ஏதென்ஸ் வெள்ளி எடையை எடுத்துக்கொள்வோம். 1 தாலந்து = 60 மினா. 1 மினா = 100 டிராக்மா. 1 டிராக்மா = 6 ஓபல். 1 ஓபல் = 8 கால்கோஸ். ஆக ஒரு தாலந்துக்கு 6,000 டிராக்மா, 36,000 ஓபல், 2,88,000 கால்கோஸ். டிராக்மா ஏறத்தாழ 4.31 கிராம். ஓபல் 0.72 கிராம்தான், ஊதினால் பறந்துவிடும்!

கலப்பு எடை வந்தால் முதலில் எல்லாவற்றையும் ஓபலாக்கிவிடுங்கள். 2 மினா 35 டிராக்மா 4 ஓபல் என்றால் 235 டிராக்மா. அதை 6-ஆல் பெருக்கினால் 1,410. மீதி 4 சேர்த்து 1,414 ஓபல். கால்கோஸில் 11,312. கிராமில் வேண்டுமானால் 1,414-ஐ 6-ஆல் வகுத்து 4.31-ஆல் பெருக்குங்கள்: சுமார் 1,016 கிராம். டிராக்மாவை 4 கிராம் என்று முழுதாக்கிவிட்டால் ஒரு தாலந்தில் கிட்டத்தட்ட 2 கிலோ காணாமல் போகும்.

இப்போது பலரும் சறுக்கும் இடம். ரோமர் கால மருத்துவ எடைகளில் 1 டிராக்மா = 3 கிராம்மா, 1 கிராம்மா = 2 ஓபல், 1 ஓபல் = 3 கெராட்டியன். கெராட்டியன் என்பது கரோப் மரத்தின் விதை. வைரத்துக்குச் சொல்லும் காரட் இதிலிருந்து வந்த பெயர்தான். இதன்படி டிராக்மாவுக்கு 18 விதை. ஆனால் இந்த டிராக்மா ரோமப் பவுண்டில் 96-இல் ஒரு பங்கு, சுமார் 3.41 கிராம். ஏதென்ஸ் டிராக்மா அல்ல. 6,000-ஐ 18-ஆல் பெருக்கித் தாலந்துக்கு 1,08,000 விதை என்று போடுவது தப்பு. ஒரு விதை 0.1894 கிராம், 25,860 கிராம் தாலந்தை அதால் வகுத்தால் சுமார் 1,36,500 வரும். இரண்டு முறைகளுக்கு நடுவே தாண்டும்போது கிராம் வழியாகத்தான் போக வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதை நம்பக் கூடாது.

ஊருக்கு ஊரும் மாறும். ஏஜினா என்ற கிரேக்கத் தீவின் டிராக்மா 6 கிராமுக்கு மேல். ஸ்டேட்டர் என்ற நாணய எடை இன்னும் மோசம்: ஏஜினாவில் அது 2 டிராக்மா, கொரிந்தில் 3. ஏதென்ஸிலேயே கடைத்தெரு மினா வேறு, கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ஆணை ஒன்று அதை 138 வெள்ளி டிராக்மா எடை என்று வைத்தது. கடைத்தெருவில் எடை போட்டு வாங்கிய சரக்கின் கணக்கை 100 டிராக்மா மினாவில் போட்டால் கால்பங்குக்கு மேல் குறைந்துபோகும்.

தமிழில் வாசிப்பவர்களுக்கு மட்டும் ஒரு பொறி உண்டு. பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் லூக்கா 19-இல் வரும் 'பத்து ராத்தல்' மூலத்தில் மினா. அதை 453 கிராம் ராத்தலாக நினைத்துத் தராசில் ஏற்றாதீர்கள். அங்கே பேச்சு பணத்தைப் பற்றியது: ஒரு ராத்தலுக்கு 100 டிராக்மா, மொத்தம் 1,000.