முதலில் அந்த நோட்டை மூடுங்கள், சிஸ்டர்

கேள்வி: காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பிரண்டென்டாக இருக்கிறேன். நோயாளிக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி நிர்வாகம் நெருக்குகிறது. சீனியர் சிஸ்டர்களோ, "நீங்களும் ஆபீஸ் பக்கம் போயிட்டீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கம்ப்யூட்டர் வந்த பிறகு பழைய ரிப்போர்ட் நோட்டை நிறுத்தினீர்களா சிஸ்டர்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால் நிறுத்தவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். நைட் டூட்டியில் ஒரு வார்டுக்கு இரண்டு பேர் நின்றுகொண்டு, பி.பி.யைச் சார்ட்டில் எழுதி, அப்புறம் நோட்டில் எழுதி, அதையே ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கம்ப்யூட்டரிலும் ஏற்று என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? குர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1947-லேயே எழுதிவிட்டார்: தள்ளத் தள்ள இறுக்கம்தான் கூடும், மறித்து நிற்பதை எடுத்துவிட்டால் நகரும்.

நிர்வாகத்திடம் போய் "ஸ்டாஃப் கஷ்டப்படுகிறார்கள்" என்று மட்டும் சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரம், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட், எழுத மட்டும் எத்தனை நிமிடம் போகிறது என்று குறித்து எடுத்துப் போங்கள். நர்சிங்கின் முன்னோடி ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலைக் கைவிளக்கோடுதான் நமக்குக் காட்டினார்கள், ஆனால் 1858-ல் ராணுவ மருத்துவமனைச் சாவுக் கணக்கைப் படமாக வரைந்து மேலிடத்தின் முன் வைத்ததும் அவர்தான். கணக்கின் அருமையைச் செட்டிநாட்டுக்காரருக்கு நான் சொல்லவா வேண்டும்! இந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டை வாங்குவதற்கு முன்பே உங்களைக் கேட்டிருக்க வேண்டும், சரி, அடுத்த கமிட்டியிலாவது இடம் கேட்டு உட்காருங்கள்.

எல்லா வார்டிலும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் பக்கம் கல்யாணமான பிள்ளையை வேறு வைப்பார்களே, வீடு அதே வீடு, அடுப்பு மட்டும் தனி, அப்படி ஒரு வார்டை மட்டும் வேறு வையுங்கள். அதுவும் உங்களிடம் அதிகம் சண்டை போடுகிற இன்சார்ஜ் சிஸ்டரின் வார்டாக இருக்கட்டும். எந்த நோட்டு போகலாம், எது இருக்க வேண்டும் என்று அவரே சொல்லட்டும், ரெக்கார்ட்ஸ் செக்‌ஷன் ஒப்புதலோடு அதை மூடிவிடுங்கள். சர்வர் படுத்துவிட்டால் எழுத வெற்றுத் தாள் ஒரு கட்டு மட்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

முதல் இரண்டு ராத்திரி நீங்களும் அந்த வார்டிலேயே உட்கார்ந்து நீங்களே டைப் அடியுங்கள். எந்தப் பக்கம் திறக்க நேரமாகிறது, பாஸ்வேர்டு எங்கே மாட்டுகிறது என்று அப்போதுதான் தெரியும், விடிந்ததும் முதல் வேலையாக அந்தப் பட்டியலை ஐ.டி. தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்.