ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ரெண்டு மாசக் குழந்தை: எந்த ஸ்ட்ரோலர் வாங்கறது?

கேள்வி: சென்னை பெருங்குடில வாடகை வீடு, ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. பையனுக்கு ரெண்டு மாசம் முடிஞ்சிருக்கு. என் வீட்டுக்காரர் வேகன்ஆர் சிஎன்ஜி கார் வெச்சிருக்கார், ஆனா வார நாள்ல ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிடுவார். வீட்ல நானும் மாமியாரும்தான். சாயங்காலம் பார்க் வரைக்கும், தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். அப்பப்ப பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல மதுரைக்குப் போவோம். கடைல ஸ்ட்ரோலரும், குழந்தையைக் கார்ல வைக்கற கார் சீட்டும் ஒரே செட்டா வர்ற டிராவல் சிஸ்டம் 27,000 ரூபாய், அஞ்சு வயசு வரைக்கும் வேற எதுவும் வாங்க வேணாம்னு சொல்றாங்க. எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீங்கம்மா. அந்தக் காசுல பாதிக்குள்ளயே உங்க வீட்டுக்கு ஒத்துவர்ற வண்டி கிடைக்கும். நான் குழந்தை வண்டி ரிப்பேர் பாத்து வாடகைக்கும் விடற ஆளு, அதனால பெட்டி பிரிக்கறப்ப வண்டி எப்படி இருக்குங்கறத விட ஒரு வருஷம் ஓடின பிறகு எந்த நிலைமைல திரும்பி வருதுங்கறதுதான் எனக்கு அதிகம் தெரியும்.

உங்களுக்கு முதல் கேள்வி மாடிப்படி, பிராண்ட் எல்லாம் அப்புறம். டிராவல் சிஸ்டம்னு விக்கறதுல வண்டி மட்டுமே பெரும்பாலும் 10 கிலோ கிட்ட வரும், கார் சீட் தனியா 3, 4 கிலோ, பையன் இப்ப 5 கிலோ கிட்ட இருப்பான், டயப்பர் பை வேற, இதை தினம் ரெண்டு மாடி இறக்கி ஏத்தப் போறது யாரு? பிரசவம் ஆகி ரெண்டு மாசம்தான் ஆகுது, சிசேரியனா இருந்தா டாக்டர்கிட்ட கேக்காம இந்த வெயிட்டைத் தூக்கவே கூடாது, மாமியாருக்கு முட்டி எப்படின்னு நீங்க எழுதல. கீழ படிக்கட்டுக்கு அடியில நிறுத்திக்கலாம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, மழைக்காலம் முடிஞ்சதும் எலி கடிச்ச சீட்டும் துருப்பிடிச்ச அச்சுமா என்கிட்ட வர்றதெல்லாம் அப்படி நிறுத்தின வண்டிங்கதான்.

அதனால 7 கிலோவுக்கு மேல எதையும் பாக்காதீங்க. ஒரே கைல மடங்கணும், மடக்கினா தானா நிக்கணும், தோள்ல மாட்டிக்க பட்டை இருக்கணும். இன்னொண்ணு, குழந்தையை உள்ள வெச்சு வண்டியோட தூக்கிட்டுப் படி இறங்கவே கூடாது, ரெண்டு பக்கம் ரெண்டு பேர் பிடிச்சாலும் கூடாது. கைப்பிடி கழண்டு வந்த வண்டியைப் பாத்தவன் சொல்றேன். ஒருத்தர் குழந்தையைத் தூக்கிக்கோங்க, இன்னொருத்தர் வண்டியை எடுத்துக்கோங்க. தனியா இறங்கற நாள்ல குழந்தையை நெஞ்சோட கட்டிக்கற கேரியர்ல வெச்சுக்கலாம், மூக்கும் வாயும் எப்பவும் வெளிய தெரியணும்.

அடுத்தது குழந்தையோட கழுத்து, இதுலதான் கடைக்காரங்க பொய் சொல்றது ஜாஸ்தி. ரெண்டு மாசத்துக் குழந்தைக்கு தலை நிக்காது. சீட் நிமிந்து இருந்தாலோ, துணி நடுவுல தொங்கிப் போயிருந்தாலோ, தாடை நெஞ்சுல போய் முட்டும், முட்டினா மூச்சுக்குழாய் மடங்கும், மூச்சு அடைச்சா அழுது சத்தம் போட்டுக் காட்டக்கூட அதால முடியாது. தானா உக்காரற வரைக்கும், அதாவது ஆறு மாசம் வரைக்கும்னு வெச்சுக்கோங்க, சீட் கிட்டத்தட்ட படுக்கையா சாயணும். குடை மாதிரி மடங்கற ஒல்லி வண்டி எல்லாம் அதுக்கப்புறம்தான்.

பெட்டில '0 மாசம் முதல்'னு போட்டிருக்கும். அதை நம்பாதீங்க. ஐரோப்பாவுல ஈஎன் 1888னு ஒரு தரம் இருக்கு, பிறந்த குழந்தைக்குன்னு சொல்லி வித்தா சீட்டுக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவுல குறைஞ்சது 150 டிகிரி விரியணும்னு அது சொல்லுது. நம்ம ஊர் பெட்டிங்கள்ல 'யூரோப்பியன் ஸ்டாண்டர்ட்'னு மட்டும் இருக்கும், நம்பர் இருக்காது. நம்பர் போட்டிருக்கான்னு பாருங்க, போடலைன்னா அந்த வார்த்தைக்கு மதிப்பே கிடையாது. நம்பர் இருந்தாலும் கடைலயே முழுசா சாய்ச்சு, உள்ளங்கையை முதுகு பக்கத்துல வெச்சு அழுத்திப் பாருங்க, அடியில பலகை இருக்கா இல்ல வெறும் துணிதான் தொங்குதான்னு கைக்கே தெரியும். முடிஞ்சா பையனையே அஞ்சு நிமிஷம் படுக்க வெச்சு, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ஒரு விரல் போகுதான்னு பாருங்க.

எனக்கு கோவம் வர்ற இடம் இது. குழந்தை ஆட்டற கிலுகிலுப்பைக்கு 2021 ஜனவரிலேருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், நல்ல விஷயம்தான். ஆனா அந்த ஆர்டர் விளையாட்டு சாமானுக்கு, ஸ்ட்ரோலர் விளையாட்டு சாமான் இல்லையாம், அதனால அதுல வராது. கிலுகிலுப்பைக்கு முத்திரை பாக்கறவங்க, குழந்தையைப் படுக்க வெச்சு ரோட்ல தள்ளிட்டுப் போற வண்டியை ஏன் விட்டாங்க? கேட்டா ஒரு டிபார்ட்மென்ட் இன்னொண்ணைக் கை காட்டும். அதுவரைக்கும் பெத்தவங்கதான் கடைல நின்னு அழுத்திப் பாக்கணும்.

பெல்ட் அஞ்சு முனையா இருக்கணும், ரெண்டு தோள், ரெண்டு இடுப்பு, காலுக்கு நடுவுல ஒண்ணு. மூணு முனைன்னா வேணாம், தோள்ல பிடி இல்லாததால எந்திரிக்கத் தெரிஞ்ச குழந்தை வெளிய வந்துடும்.

இப்ப அந்த 27,000 ரூபாய் விஷயம். 'அஞ்சு வயசு வரைக்கும்'னு சொன்னாரே, அதுவே தப்பு. கூட வர்ற அந்தத் தொட்டில் மாதிரி கார் சீட் அதிகபட்சம் 13 கிலோ வரைக்கும்தான், பெரும்பாலான குழந்தைங்களுக்கு ஒண்ணேகால் வயசுக்குள்ளயே நீளம் பத்தாது, தலை மேல முட்ட ஆரம்பிச்சிடும். நம்ம ஊர்ல விக்கற வண்டி நிறைய 15 கிலோ வரைக்கும், அதுக்குள்ள மூணு வயசு ஆயிடும், அந்த வயசுல வண்டில உக்காருன்னா உக்காரவும் மாட்டான். அப்புறம் உங்க கார். சிஎன்ஜி வேகன்ஆர்ல டிக்கில சிலிண்டர் உக்காந்திருக்கு, மடக்கின பெரிய வண்டி அங்க போகவே போகாது, பின் சீட்ல போட்டா நீங்க எங்க உக்காருவீங்க? கடைல இருந்தவர் உங்களை என்ன கார்னு ஒரு வார்த்தை கேட்டாரா?

டிராவல் சிஸ்டம் யாருக்குமே வேணாமான்னா, ஒருத்தருக்கு சரி. வீட்ல லிஃப்ட் இருக்கணும், பார்க்கிங் வரைக்கும் படியே இல்லாம வரணும். கார் தினமும் கைல இருக்கணும், டிக்கி காலியா இருக்கணும். காரோட பின் சீட்ல ஐசோஃபிக்ஸ் கொக்கி, அதாவது குழந்தை சீட்டை மாட்டறதுக்குன்னே கார்ல வர்ற கொக்கி இருந்து, அதுல மாட்ற பேஸும், அதாவது சீட்டுக்கு அடியில வர்ற அடிப்பலகையும் செட்டோட வரணும், இல்லன்னா ஒவ்வொரு தடவையும் பெல்ட்டைச் சுத்திக் கட்டணும், பத்து நாள்ல சலிச்சுப் போய் விட்டுடுவாங்க. இத்தனையும் இருந்தா, தூங்கற குழந்தையை எழுப்பாம கார்லேருந்து எடுத்து வண்டி மேல மாட்டி டாக்டர் ரூம் வரைக்கும் தள்ளிட்டுப் போகலாம், அது நிஜமாவே பெரிய வசதி. ஆனா அங்கயும் ஒரு நிபந்தனை இருக்கு, அந்தக் கார் சீட் பயணத்துக்குத்தான், மணிக்கணக்கா தூங்க வைக்கறதுக்கு இல்ல, அது சாய்வா உக்கார வைக்கற சீட், கழுத்து மடங்கற பிரச்சனை அதுலயும் உண்டு. மாலுக்குப் போய் மூணு மணி நேரம் அதுலயே தள்ளிட்டு சுத்தறாங்க, வேணாம், படுக்கையா சாயற சீட்டும் அதே வண்டில இருந்தா அதுக்கு மாத்துங்க. குறை மாசத்துல பிறந்த குழந்தைன்னா கார் சீட்ல எவ்வளவு நேரம்னு டாக்டர்கிட்ட தனியா கேளுங்க. லிஃப்ட், கார், டிக்கி, பேஸ், இதுல ஒண்ணு இல்லன்னாலும் அந்த செட்டு வேணாம், உங்ககிட்ட நாலுல மூணு இல்ல.

கார் சீட் வேணாம்னு நான் சொல்லலை. கண்டிப்பா வாங்குங்க, தனியா வாங்குங்க. 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 194பி பிரிவு இருக்கு, 14 வயசுக்குள்ள பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ போடாம கூட்டிட்டுப் போனா 1,000 ரூபாய் அபராதம். ஹெல்மெட்டுக்கு மடக்கற அளவுக்கு இதுக்கு யாரும் மடக்கறதில்ல, அதனால எல்லாரும் மடிலயே வெச்சுட்டுப் போறாங்க. சீட்ல ஆரஞ்சு கலர் ஸ்டிக்கர், வட்டத்துக்குள்ள ஆங்கில ஈ எழுத்து இருக்கான்னு பாருங்க. பின் சீட்ல, குழந்தை பின்பக்கம் பாத்த மாதிரி மாட்டணும். ஏர்பேக் இருக்கற முன் சீட்ல எந்தக் காரணத்துக்கும் வைக்காதீங்க.

கடைல யூனிஃபார்ம் போட்டு அன்பா பேசறவங்கள்ல நிறைய பேர் கடை ஆளுங்களே இல்ல, ஒரு பிராண்ட் அனுப்பின புரமோட்டர்ங்க, அந்த பிராண்ட் வித்தாதான் அவங்களுக்கு இன்சென்டிவ். அவங்க பொழப்பு அது, ஆனா அவங்ககிட்ட 'எது நல்லது'ன்னு கேக்காதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: முன் வீல் உடைஞ்சா வீல் தனியா கிடைக்குமா, எங்க, எவ்வளவு? பதில் வரலைன்னா கிளம்பிடுங்க. என்கிட்ட வர்ற வண்டில பாதிக்கு மேல வீல் பிரச்சனைதான், வாரன்டி கார்டைப் படிச்சா ஃபிரேமுக்கு மட்டும், வீலுக்கும் துணிக்கும் இல்லன்னு பொடி எழுத்துல இருக்கும், நல்ல ஃபிரேமை வெச்சுக்கிட்டு ஒரு பிளாஸ்டிக் வீலுக்காக மொத்த வண்டியும் பழைய இரும்புக்குப் போறது எனக்கு வயிறு எரியும்.

அதைவிட மோசமானவங்க வாட்ஸ்அப்ல 'அமெரிக்கா ஐட்டம், ஒரே குழந்தை யூஸ் பண்ணது'ன்னு போட்டோ போடற இடைத்தரகருங்க. துணியைத் துவைச்சு, கீலுக்கு எண்ணெய் விட்டு, போட்டோல புதுசா காட்டிடுவாங்க. வெளிநாட்ல குறை இருக்குன்னு கம்பெனியே திரும்ப வாங்கிக்கற, இல்லன்னா சரி பண்ணித் தர்ற வண்டிங்க உண்டு, அதுக்கு ரீகால்னு பேரு. 2009ல மெக்லாரன்னு ஒரு ஸ்ட்ரோலர் கம்பெனி அமெரிக்காவுல சுமார் 10 லட்சம் வண்டிக்கு ரீகால் அறிவிச்சாங்க, மடக்கி விரிக்கற கீல்ல மாட்டி குழந்தைங்க விரல் நுனி துண்டான கேஸ்கள் வந்ததால, கீலை மூட கவர் குடுத்தாங்க. மூணாவது கை மாறி வாங்கினா இந்த மாதிரி தகவல் உங்களுக்கு வந்து சேராது. பழசு வாங்கறதுன்னா தெரிஞ்ச சொந்தக்காரங்ககிட்ட, கண்ணால பாத்து வாங்குங்க. பழைய கார் சீட் மட்டும் யார் குடுத்தாலும் வேணாம், ஒரு விபத்துல அடி பட்டிருந்தா வெளிய தெரியாது. எந்த வண்டியா இருந்தாலும் விரிக்கறப்பவும் மடக்கறப்பவும் குழந்தை கை தூரமா இருக்கட்டும்.

ஆன்லைன்ல 'எம்ஆர்பி 24,999, இன்னைக்கு மட்டும் 9,499'னு போட்டா அந்த 24,999க்கு மயங்காதீங்க, அந்த விலைக்கு யாரும் வாங்கி நான் பாத்ததில்ல. ரிட்டர்ன் எத்தனை நாள், இறக்குமதி பண்ணது யாரு, எந்த நாட்டுச் சரக்கு, இந்த மூணும் இருக்கான்னு பாருங்க, போட்டே ஆகணும்னு விதி இருக்கு. பெட்டி பிரிக்கறப்ப வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க. உடைஞ்சது வந்து மாத்த மாட்டேன்னா 1915க்கு போன் பண்ணுங்க, அது அரசாங்க நுகர்வோர் ஹெல்ப்லைன்.

ரோட்டைப் பத்தியும் சொல்லணும். நடைபாதை குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் இருக்கணும், ஓரக்கல் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு, ரோட்டுக்குத் தரம் வகுக்கற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்ங்கற அமைப்பு எழுதியே வெச்சிருக்கு. பாண்டி பஜார்ல அகலமா போட்டாங்க, வண்டி சுகமா போகுது. உங்க தெருவுல நடைபாதை இருந்தாலும் அதுமேல டிரான்ஸ்ஃபார்மர் நிக்கும், பைக் நிக்கும், கடைசில தாய்மாருங்க குழந்தையைத் தள்ளிட்டு லாரி போற ரோட்ல இறங்கி நடக்கறாங்க, இதைக் கேக்க ஆளில்ல. இந்த ரோட்டுக்கு ரொம்ப குட்டி வீல் வேணாம், 6 இன்ச்சாவது இருக்கட்டும், முன் வீல் லாக் ஆகணும், மேடு பள்ளத்துல லாக் பண்ணிட்டு தள்ளினா ஆடாது. கைப்பிடியை முன்பக்கம் மாத்தி குழந்தை முகத்தைப் பாத்துட்டே தள்ளலாம்னு விக்கறாங்களே, அப்படி மாத்தினா திரும்பற வீல் உங்க பக்கம் வந்துடும், கோணல் மாணலா இழுக்கும், வீட்டுக்குள்ள மட்டும் அப்படி வெச்சுக்கோங்க. கடைலயே 5 கிலோ அரிசி மூட்டையை உள்ள வெச்சு ஒரு கைல தள்ளிப் பாருங்க, சரிவுல நிறுத்தி பிரேக் போட்டு அசைச்சுப் பாருங்க.

சென்னை வெயிலுக்கு எல்லாரும் பண்ற தப்பு, தூங்கறான்னு வண்டி மேல துணியைப் போட்டு மூடறது. மெல்லிசுத் துணியா இருந்தாலும் காத்து அடைச்சு உள்ள சூடு ஏறும். கூரை முழுசா இறங்கற வண்டியா பாருங்க, வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்க, கொசுவுக்கு வலை போதும். கைப்பிடில காய்கறிப் பை தொங்க விடாதீங்க, இந்த லேசான வண்டிங்க குழந்தையோட பின்னால சாய்ஞ்சிடும், பை கீழ் கூடைல போகட்டும்.

மதுரை பயணத்துக்கும் இதே 7 கிலோ வண்டி போதும், மடக்கினா பெரும்பாலும் லோயர் பெர்த்துக்கு அடியில போயிடும், வாங்கறதுக்கு முன்னாடி மடக்கின உயரத்தை டேப் வெச்சு அளந்துக்கோங்க. எழும்பூர்ல பிளாட்பாரத்துல நிக்கறப்ப வண்டியைத் தண்டவாளத்தைப் பாத்து நிறுத்தாதீங்க, தண்ணி வடியறதுக்காக பிளாட்பாரம் லேசா சரிவா இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. தண்டவாளத்துக்கு இணையா நிறுத்தி பிரேக் போட்டு ஒரு கை வண்டி மேலயே இருக்கட்டும், ரயில் நின்ன பிறகு பையனைத் தூக்கிக்கிட்டு, வண்டியை மடக்கி வீட்டுக்காரர்கிட்ட குடுங்க.